கெம்பஸில் பாதிப் பேர் கண்ணாடி: காரணம் போனா, புத்தகமா?

கொட்டகலைக் காற்று:
பேராதனையில் எங்கள் பெட்ச் போட்டோவைப் பாருங்கள், பாதிக்கு மேல் கண்ணாடி. ஊரில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம் என் வயதுப் பையன்களில் கண்ணாடி போட்டவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹொஸ்டலில் விளக்கை அணைத்த பிறகும் மூஞ்சிக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு படுத்தால் வேறென்ன ஆகும்? என் கட்சி இதுதான்: காரணம் போன். மறுப்பவர்கள் வரலாம்.

பசறை அக்கா:
வந்துவிட்டேன் தம்பி. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. பட்டதாரிகளில் 53 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரிவது; மேல்நிலைப் பள்ளியோ வேறு பயிற்சியோ முடிக்காதவர்களில் 24 சதவீதம்தான். சோதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கையில் ஏது இந்தப் போன்? பிரித்தானியாவில் 2018இல் மரபணுத் தரவை வைத்துப் பார்த்ததில், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் கண்ணின் பவர் சராசரியாக 0.27 டயொப்டர் (பவரை அளக்கும் அலகு) மைனஸ் பக்கம், அதாவது கிட்டப்பார்வைப் பக்கம், நகர்கிறது என்று வந்தது. கண் கெட்டவன் படிப்பாளி ஆகிறான் என்றில்லை, படிப்புதான் கண்ணை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

கொட்டகலைக் காற்று:
சரி அக்கா, புத்தகத்தையாவது ஒரு அடி தள்ளிப் பிடிப்போம். போன் அதைவிடக் கிட்ட. கிட்டப் பார்ப்பதுதான் கெடுதல் என்றால் போன் மட்டும் எப்படித் தப்பிக்கும்?

லிந்துலைக்காரன்:
இரண்டு பேரும் எண்ணுவதிலேயே பிழை. லயத்தில் கண்ணாடி இல்லை என்றால் கண் நல்லாயிருக்கிறது என்று யார் சொன்னது? அங்கே யார் சோதித்தார்கள்? கரும்பலகை தெரியாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனின் கொப்பியைப் பார்த்து எழுதியவனுக்கு "மக்கு" என்று பெயர். சாதாரண தரத்தோடு அவன் கொழும்புக் கடை வேலைக்குப் போய்விட்டான். உங்கள் பெட்ச் போட்டோவில் அவன் எப்படி வருவான்? கண்ணாடி கிடைத்தவன் கெம்பஸ் வருகிறான், கிடைக்காதவன் வழியிலேயே நின்றுவிடுகிறான்.

இன்னொன்று. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட கொழுந்து பறிப்பவர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள், 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி கிடைக்காத குழுவைவிட அவர்களின் பறிப்பு சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. அதுவரை அவர்களுக்கும் "கண் பிரச்சினை இல்லை" என்றுதானே கணக்கு?

பசறை அக்கா:
அது வெள்ளெழுத்து தம்பி, கிட்டே உள்ளது மங்குவது, நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் வருவது. இதோடு போட்டுக் குழப்பாதீர்கள். சோதிக்காமல் விடுவது பெரிய அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்த இடத்திலும் வித்தியாசம் இருக்கிறதே! சிட்னியில் 6, 7 வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை 3.3 சதவீதம், சிங்கப்பூரில் அதே வயது, அதே வம்சாவளியில் 29.1 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள், சிங்கப்பூரில் மூன்று மணி நேரம்.

இப்போது நம்ம பிள்ளைகளைப் பாருங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்று பத்து வயதிலேயே பாடசாலை முடிந்த கையோடு டியூஷன், அப்புறம் ஒற்றை பல்பு எரியும் லயத்து அறையில் பாஸ்ட் பேப்பர். கண்விழி அளவுக்கு மேல் நீள்வதால்தான் கிட்டப்பார்வை வருகிறது; அது நீளும் வயது அதுதான். கெம்பஸ் வரும்போது கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

கண்டி டவுன்:
நுவரெலியாவில் வெயிலுக்கு எங்கே போவது அக்கா? வருசத்தில் பாதி நாள் பனிமூட்டம். அப்புறம் கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று எங்கள் மாமா சொல்வார். அதனால் நான் முன் வரிசையில் உட்கார்ந்து சமாளிக்கிறேன். கடையில் நீல ஒளி தடுக்கும் லென்ஸ் போடச் சொன்னார்கள், விலை கேட்டதும் ஓடி வந்துவிட்டேன்.

பசறை அக்கா:
ஓடியது நல்லதுதான். அந்த லென்ஸால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்று 2023இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. மாமாவின் கதையையும் மலேசியாவில் சோதித்துவிட்டார்கள், 2002இல். வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் மைனஸ் வேகமாக ஏறியது. கண்ணுக்கு வேண்டியது வெயில் இல்லை, வெளிச்சம்; மேகம் மூடிய பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும், அறைக்குள் சில நூறுதான். பனியைச் சாக்குச் சொல்ல வேண்டாம்.

கொட்டகலைக் காற்று:
அப்படியானால் பிள்ளைகளை மூன்று மணிக்கு டியூஷனுக்கு அனுப்பாமல் கிரவுண்டுக்கு அனுப்பச் சொல்கிறீர்களா? எந்த அம்மா கேட்பார்? அந்தப் புலமைப்பரிசில் இல்லாவிட்டால் நான் பேராதனைக்கு வந்திருக்கவே மாட்டேன்.

பசறை அக்கா:
டியூஷனை நிறுத்தச் சொல்லவில்லை. இடைவேளையில் வகுப்பறைக் கதவைப் பூட்டி எல்லாரையும் வெளியே விடுங்கள் என்கிறேன். சீனாவின் குவாங்சோவில் பாடசாலை நாளோடு 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், சேர்க்காத பாடசாலைகளில் 39.5. காசு செலவில்லை.

லிந்துலைக்காரன்:
அது வராமல் தடுக்க. ஏற்கெனவே வந்தவனுக்கு? பிள்ளையை டவுனுக்குக் கூட்டிப்போய்க் கண் காட்ட அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும், பஸ் காசு வேறு, கண்ணாடிக்கு இன்னொரு நாள். சோதனை தோட்டத்துப் பாடசாலைக்கு வராதவரை உங்கள் சதவீதம் எல்லாம் கெம்பஸ் கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களின் சதவீதம்தான் அக்கா.