ஆழ்வார்குறிச்சி வீடு (குடும்பக் குழு)

செல்வி: லதா, கதிர் ராத்திரியில் போனில் சீட்டு ஆடுகிறானாமே? அம்மா சொன்னாள். பேப்பரில் தினமும் என்னென்னவோ வருகிறது. வயிற்றைக் கலக்குகிறது.

குமார்: ஞாயிறு கிரகப்பிரவேசத்துக்கு வேன் ராத்திரி 2 மணிக்கே கிளம்பும். யார் யார் வருகிறீர்கள்?

லதா: போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் மதினி.

செல்வி: நல்லது.

முருகேசன்: அக்கா, அது ரம்மி இல்லை. பணம் வைத்து ஆடுவதும் இல்லை. ஹார்த்ஸ்டோன் என்ற கார்டு விளையாட்டு. 2014இல் நானும் பிரபுவும் ஆடினோமே, அதேதான்.

செல்வி: அந்த வருஷம்தான் அவன் மேத்ஸில் அரியர் வைத்தான்.

பிரபு: அம்மா, அதை அடுத்த செமஸ்டரிலேயே முடித்துவிட்டேன்.

லதா: சித்தப்பா, நான் கதிர், அம்மா போனிலிருந்து. என் டெக்கில் இருக்கும் லெஜண்டரியை நெர்ஃப் செய்துவிட்டார்கள். இப்போது உடைத்தால் 1600 டஸ்ட் முழுதாகக் கிடைக்கும். ஞாயிறு தாண்டினால் 400தான். போன் பீரோவில் இருக்கிறது.

செல்வி: என்னத்தை உடைக்கிறான்?

முருகேசன்: கார்டைத்தான் அக்கா. கார்டை உடைத்தால் டஸ்ட் கிடைக்கும், அதைக் கொடுத்து வேறு கார்டு செய்துகொள்ளலாம். லெஜண்டரி என்பது அரிய கார்டு. நெர்ஃப் என்றால் விளையாட்டை நடத்துகிறவர்களே ஒரு கார்டின் பலத்தைக் குறைப்பது, அப்போது கொஞ்ச நாளைக்கு மட்டும் முழு டஸ்ட் தருவார்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், மதினியும் படிக்கட்டும். 30 கார்டை நாமே பொறுக்கிக் கட்டுவதுதான் டெக். ஒரே கார்டு இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது, லெஜண்டரி என்றால் ஒன்றே ஒன்று. கார்டை இறக்குவதற்கு மானா என்ற சக்தி வேண்டும். முதல் சுற்றில் 1, அடுத்ததில் 2, இப்படிக் கூடிக்கொண்டே போய் 10இல் நின்றுவிடும். எதிராளிக்கு 30 உயிர். அதைத் தீர்த்தால் ஜெயித்தோம்.

குமார்: வேன்?

முருகேசன்: 2014இல் லீராய் ஜென்கின்ஸ் என்று ஒரு கார்டு. விலை 4 மானா. இறங்கிய கையோடு 6 அடி அடிக்கும். ஷேடோஸ்டெப் என்று இன்னொன்று, அதற்கு மானாவே வேண்டாம். இறங்கியவனைக் கைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், மறுபடி இறக்கும்போது 2 மானா குறையும். ஷேடோஸ்டெப் இரண்டு கையில் இருந்தால் 4, 2, 2. மொத்தம் 8 மானாவில் மூன்று தடவை இறக்கி 18 அடி. எதிராளிக்குப் பாதி உயிர் மிச்சம் இருந்தாலும் ஒரே சுற்றில் முடிந்தது.

பிரபு: ஆடித்தபசு லீவில் அப்படி ஏழு தடவை முடிந்தது.

முருகேசன்: ஆறு.

பிரபு: ஏழு மாமா. ஏழாவதுக்குத்தான் ஆச்சி வந்து மெயினை அணைத்தாள்.

முருகேசன்: சரி, ஏழு. அந்த செப்டம்பரில் லீராய் விலையை 5 ஆக்கினார்கள். கூடியது ஒரே ஒரு மானா. ஆனால் 5, 3, 3 என்றால் 11 ஆகிவிடும், மானா 10ஐத் தாண்டாது. மூன்றாவது தடவை இறக்குவது அதோடு போயிற்று. லீராய் சாகவில்லை, அப்புறமும் எத்தனையோ டெக்கில் இருந்தான். அதே சமயம் ஸ்டார்விங் பஸ்ஸார்டை 2இலிருந்து 5க்குத் தூக்கினார்கள். அதைத் தொட ஆளில்லை. உன் கார்டு இதில் எந்த ரகம் என்று முதலில் பார் கதிர். நெர்ஃப் என்றதும் உடைக்க ஓடாதே.

பிரபு: இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மாமா. முழு டஸ்ட் தரும்போது உடைப்பதில் நட்டமே இல்லை. வேண்டும் என்றால் அதே 1600 கொடுத்துத் திரும்பச் செய்துகொள்ளலாமே.

முருகேசன்: கையில் 1600 இருந்தால் பிள்ளை சும்மா இருப்பானா? அன்றைக்கே வேறு ஒன்றைச் செய்துவிடுவான்.

லதா: மாட்டேன் சித்தப்பா. 5ஆவது சுற்றில் இறக்கிக்கொண்டிருந்தேன், இப்போது 6. எதிராளி அதற்குள் முந்திவிடுகிறான்.

முருகேசன்: வேகமான டெக் என்றால் ஒரு சுற்றுத் தாமதம் பெரிய அடிதான். மெதுவாக ஆடும் கன்ட்ரோல் டெக்கில் வைத்துப் பார்த்தாயா?

செல்வி: ஆடிக்கொண்டிருக்கும்போதே விதியை மாற்றுவது என்ன நியாயம்?

முருகேசன்: நம் வீட்டுத் தாயத்திலும் மாற்றினோமே அக்கா. வெட்டினால் மறு ஆட்டம் என்று இருந்தது. நீ ஒரு காயை வெட்டினால் அப்புறம் எங்களுக்கு ஆட்டமே வராது. அண்ணன் கோபித்துக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவான். அம்மா ஒருநாள் சோழியை மடியில் கட்டிக்கொண்டு, இனி மறு ஆட்டம் கிடையாது என்றாள். அதற்குப் பிறகுதான் நாலு பேரும் கடைசி வரை ஆடினோம். நெர்ஃப் என்பது அதுதான்.

செல்வி: எனக்காகத்தான் மாற்றினாள். உன்னை ஒருநாள் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா?

குமார்: நான் திண்ணைக்குப் போனது வேறு விஷயத்துக்கு.

லதா: இப்போது லதாதான் எழுதுகிறேன். இது காசு கேட்காது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

முருகேசன்: கேட்கும் மதினி, மறைக்க மாட்டேன். பேக் விற்பார்கள். ஒன்றில் 5 கார்டு, உள்ளே என்ன வரும் என்று தெரியாது. அதனால் அவன் போனில் பேங்க் கணக்கு எதையும் சேர்க்காதீர்கள். ஆடிச் சேர்த்த கோல்டிலேயே பேக் வாங்கலாம், நான் அப்படித்தான் வாங்கினேன்.

லதா: சனிக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் தருகிறேன். அவன் அப்பா சரி என்றால்.

பிரபு: சனிக்கிழமை இங்கே வரட்டும் அத்தை, நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். ஆனால் புது வீட்டில் இன்னும் வைஃபை வரவில்லை.

செல்வி: அன்றைக்கு உனக்கு வாழைமரம் கட்டும் வேலை இருக்கிறது. தாம்பூலப் பைக்குத் தேங்காய் 120 சொல்லியிருக்கிறேன், போதுமா?

லதா: 150 சொல்லுங்கள் மதினி.

முருகேசன்: கதிர், உன் 30 கார்டையும் எழுதி அனுப்பு. உடைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

பிரபு: உடைக்கச் சொல்லுங்கள் மாமா.

குமார்: வேனுக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முன் இருக்கை. மற்றவர்கள்?