பின்சீட்டுக்கு அடியில் வெட்டு: டேங்க் காலியா, நிறைவா?

காக்கிபுக்கிட்_கந்தன்:
"கார் பெட்ரோல் டேங்கைக் காலி பண்ணிட்டா இரும்பு வெட்டற கிரைண்டர் போட்டே வெட்டலாம், பயமே இல்லை"ன்னு ஒரு மேதாவி நேத்து எழுதியிருக்கார். டேங்குக்குள்ள இருக்கிற ஃபியூல் பம்ப் மாத்தணும், டேங்க் இறக்கச் சோம்பல், அதனால மேலேருந்து கை விட பின்சீட்டுக்கு அடியில தகரத்தை வெட்டி வழி பண்றாராம். ஐயா, காலி டேங்க்தான் எமன். எரியறது பெட்ரோல் இல்லை, அதோட ஆவி. காத்துல 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும்.

யீஷூன்_ரைடர்:
மேதாவி நான்தான் அண்ணே, பேர் சொல்லியே திட்டலாம். 50 லிட்டரை அடியில வச்சுக்கிட்டு வெட்டச் சொல்றீங்களா? காலியா இருந்தா எரிய என்ன இருக்கு?

காக்கிபுக்கிட்_கந்தன்:
ஆவி. மறுபடி படிங்க.

தெம்பனிஸ்_தம்பி:
7.6 சதவீதத்துக்கு மேல போனா ஆவியும் எரியாது. மூடின டேங்க்ல அதுக்கு மேலதான் இருக்கும். கந்தன் அண்ணன் பாதிதான் சொல்வார்.

காக்கிபுக்கிட்_கந்தன்:
உள்ள இருக்கிறதை நீ அளந்தியா? வெளிய கசியறது காத்தைவிடக் கனம், தரையோட தவழும். அங்கதான் இவர் கிரைண்டர் பொறி பறக்கும். பேட்டரி நெகடிவ் கழட்டு, கரன்ட் இல்லாம காத்தழுத்தத்துல ஓடற டிரில்ல ஒரு துளை, முனை ஆழமா இறங்காம தடுக்க ஒரு காலர் வளையம், மிச்சம் தகரக் கத்திரி. தகரத்துக்குக் கீழேயே ஒயரும் டியூபும் ஓடுது. வெட்டின விளிம்புக்கு ஜிங்க் பிரைமர் அடிக்கலைன்னா நம்ம சிங்கப்பூர் ஈரத்துல துரு தின்னுடும். வெட்டின ஓட்டைக்குப் போடற மூடியைச் சரியா ஒட்டலைன்னா சைலன்சர் புகை காருக்குள்ள. எல்லாத்துக்கும் மேல, காலி டேங்க் எமன்.

லாரிக்கார_மாமா:
டேங்கை இறக்கிட்டு வெட்டுங்கப்பா, சண்டையே இல்லை.

யீஷூன்_ரைடர்:
டேங்க் இறக்கினா எதுக்கு மாமா வெட்டணும்?

ஜேபி_பிரியன்:
எல்லை தாண்டி மலேசியா ஜோகூர் பாரு, நம்ம ஜேபியில பாதி விலைக்கு டேங்க் இறக்கித் தருவான் லா.

தெம்பனிஸ்_தம்பி:
சிங்கப்பூர் கார் காஸ்வே பாலம் தாண்டி அங்க போக முக்கால் டேங்க் பெட்ரோல் வேணும், 1991லேருந்து சட்டம். பம்ப் செத்த காரைத் தள்ளிக்கிட்டே போவாரா?

ஜேபி_பிரியன்:
நீ போன மாசம் கடன் வாங்கின ஜாக்கை முதல்ல திருப்பிக் கொடு. அப்புறம் சட்டம் பேசலாம்.

லாரிக்கார_மாமா:
அது என் ஜாக்.

யீஷூன்_ரைடர்:
பத்து வருஷம் தாண்டின கார், வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன். சீட்டுக்கு அடியில வெட்டினதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லலை.

காக்கிபுக்கிட்_கந்தன்:
எங்க கேட்டீங்க? கிரைண்டர் பெருமைதானே பேசினீங்க? காரோட தரைத்தகட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி எல்டிஏ கிட்ட, அதான் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கிட்ட, கேட்கணும். நான் பழகின தொழில் இது, நீங்க வீடியோ பார்த்துப் பழகினது. காலி டேங்க்...

தெம்பனிஸ்_தம்பி:
...எமன். மனப்பாடம் ஆயிடுச்சு அண்ணே.

யீஷூன்_ரைடர்:
சனிக்கிழமை காலி பண்ணிட்டுத்தான் வெட்டப் போறேன்.

காக்கிபுக்கிட்_கந்தன்:
எந்த புளோக் கார் பார்க்னு சொல்லுங்க. அங்க என் மச்சான் வண்டி நிக்குதான்னு பார்க்கணும்.