கடைகளின் உட்புறத்தைப் படமெடுக்கிறேன்: எந்தக் கடை, எப்படி?

மாசிவீதி எழுதியது:

வணக்கம். மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைகளின் உட்புறத்தைப் படமெடுத்துத் தொகுப்பாகச் சேர்த்து வருகிறேன். யாரும் கேட்டு எடுப்பதில்லை, விற்கும் எண்ணமும் கிடையாது. புது மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் போட்டு, சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் கட்டுபவர்களுக்கு உடுப்பு தைத்துக்கொண்டிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்களே, அப்போது பிடித்த கிறுக்கு இது. மண்டபத்துச் சிற்பங்களுக்கு எத்தனையோ படங்கள் கிடைக்கின்றன, அந்தத் தையல்காரர்களின் கடை உள்ளே எப்படி இருந்தது என்று பார்க்க ஒழுங்காக ஒன்றும் எனக்கு அகப்படவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், நாட்டு மருந்துக்கடை, பாத்திரக்கடை, மரப்படி ஏறிப்போகும் ஜவுளிக்கடை என்று தேடித்தேடித்தான் போகிறேன், தனித்தனியாகப் பார்த்தால் படங்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் வரிசையாக அடுக்கிவைத்தால் சுற்றுலாத் துறை காலண்டர் மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம், சில கடைகளில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுகிறது. கடைக்காரர் படத்தில் இருக்கலாமா வேண்டாமா என்பதும் குழப்பம். கேமராவைத் தூக்கினாலே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அட்டென்ஷனில் நின்றுவிடுகிறார்கள்.

சோக்குகட்டை எழுதியது:

பட்டை விஷயத்தை மட்டும் சொல்கிறேன், மற்றது பெரியவர்கள் பாடு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். சைலன்ட் மோடு போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், மிர்ரர்லெஸ் கேமராக்களில் முக்கால்வாசித் தொல்லை அதனால்தான். எழுத்து ஓடும் போர்டு, கலர் மாறும் சீரியல் லைட்டெல்லாம் வேறு கணக்கு, அங்கே வேகத்தை மாற்றி மாற்றி எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஒரு கடை நீலம், அடுத்த கடை மஞ்சள் என்று வந்தால் தொகுப்பு தொகுப்பாகவே இருக்காது. பிறகு நிறம் திருத்த வசதியான ரா (RAW) ஃபைலாக எடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் எண் கொடுங்கள். சாமி படத்துக்கு மேல் எரியும் சிவப்பு பல்பு சிவப்பாகவே இருக்கட்டும், அதைத் திருத்தப் போய் சாமி முகத்தைச் சாம்பலாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு.

பழையரோல் எழுதியது:

காலண்டர் மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதற்குக் காரணம் கேமராவில் இல்லை, நீங்கள் பொறுக்கியெடுக்கும் கடைகளில் இருக்கிறது. எல்லாருமே பழையது, அழகானது, மறையப்போவது என்றுதான் ஓடுகிறோம். ஆனால் உண்மையில் மறைந்தது எது என்று யோசித்துப் பாருங்கள். வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் கரகரவென்று பில் அடிக்கும் குட்டி பிரிண்டர், இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக வெளியே காத்திருக்கும் கூட்டம். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருந்தது. அதன் உட்புறத்தை எடுத்த படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒன்று இருக்கிறதா? பிளைவுட் தடுப்பு வைத்த பிரவுசிங் சென்டர், கேசட் வாடகைக்கடை, எல்லாம் அதே கதைதான். படமெடுக்கும் அளவுக்கு அவை பழசாகவும் இல்லை, அழகாகவும் இல்லை. பழசாவதற்குள் போயே போய்விட்டன.

பாரிஸில் யூஜீன் அட்ஜே என்றொருவர் இருந்தார், 1927-இல் இறந்தார். பெரிய கேமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, ஓவியர்களுக்கு மாதிரிப் படங்களாக விற்றுப் பிழைத்தவர். அவரும் பெரும்பாலும் பழைய பாரிஸைத் தேடித்தான் அலைந்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் 1912-இல் பெண்களின் இடுப்புக் கச்சைகளை வாசலில் மாட்டி வைத்திருந்த ஒரு கடையை எடுத்திருக்கிறார், அன்றைக்கு அது பழம்பொருள் இல்லை, பத்தோடு பதினொன்றான கடை. இன்று புகைப்பட வரலாறு பேசுகிறவர்கள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

அதனால் மொபைல் ரீசார்ஜ் கடைக்குள் போங்கள். டெம்பர்டு கிளாஸ் சரம் சரமாகத் தொங்குவதை, கல்லா மேல் கியூஆர் அட்டையையும் பணம் வந்ததும் கத்தும் பெட்டியையும் எடுங்கள். இப்போது அசிங்கமாகத்தான் தெரியும், தெரியட்டும். தேதி, தெருப்பெயர், கடை வகை மூன்றையும் படத்தோடு எழுதி வைக்க மறக்காதீர்கள், என்னிடம் பெட்டி நிறைய நெகட்டிவ் இருக்கிறது, எந்த ஊர் என்றே தெரியாது.

கல்லாப்பெட்டி எழுதியது:

நான் கல்லாவுக்கு இந்தப் பக்கத்து ஆள், மளிகைக்கடை. தம்பி, முதல் போனி ஆகாமல் கேமராவோடு வராதீர்கள். வந்தால் எங்க அப்பா முகம் எப்படி மாறும் என்று எனக்குத்தான் தெரியும். ஜி.எஸ்.டி.யா, லேபரா, கார்ப்பரேஷனா என்று முதலில் சந்தேகம்தான் வரும். ஏதாவது வாங்குங்கள், பேசுங்கள், மறுபடி வரும்போது எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். மூன்றாவது தடவை நீங்கள் கேமராவைத் தூக்கினாலும் நாங்கள் பருப்புதான் நிறுத்துக்கொண்டிருப்போம், பொத்தான் போட மாட்டோம்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கல்லா பக்கத்தில் கடன் நோட்டு விரித்தே கிடக்கும். பெயர், பாக்கி, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். இப்போதைய கேமராவில் பெரிதாக்கினால் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். எடுப்பதற்கு முன்னால் மூடச் சொல்லுங்கள்.

எல்லாரும் வாசலில் நின்று உள்ளே பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அனுமதி கிடைத்தால் உள்ளே வந்து எங்கள் பக்கம் நின்று எடுங்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாத சாமான் எல்லாம் இங்கேதான் கிடக்கிறது: டிபன் பாக்ஸ், பி.பி. மாத்திரை, மடித்து வைத்த வேட்டி, எடைக்கல்லுக்கு அடியில் சொருகிய கரண்ட் பில். ஸ்டூலையும் பாருங்கள். கடை ஊழியர்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. அந்த ஸ்டூலில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று கடைக்குக் கடை எடுத்தாலே உங்களுக்கு ஒரு தொகுப்பு கிடைத்துவிடும்.

மாசிவீதி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. எஸ்.டி.டி. பூத் சொன்னது உறைத்துவிட்டது. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையிலிருந்து தொடங்குகிறேன், அங்கே ஆதார் அட்டை நகல்கள் குப்பையாகக் கிடக்கும், கடன் நோட்டுக்குச் சொன்னதே அதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறேன். கல்லாப்பெட்டி அண்ணே, உங்கள் கடை எந்த ஊர்? அப்பா சம்மதித்தால் வருகிறேன்.

கல்லாப்பெட்டி எழுதியது:

திருமங்கலம்தான், பக்கம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், அப்பா தூங்கப் போயிருப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.