புதுப்பிப்பு: ஷேடோசர்வர் அறிக்கை வரத் தொடங்கிவிட்டது

காசு செலவில்லாமல் எங்கள் அலுவலக நெட்வொர்க்குக்கு சைபர் எச்சரிக்கை கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி ஷேடோசர்வர் ஃபவுண்டேஷனில் பதிவு செய்தோம். இணையத்தில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி, அந்தந்த நெட்வொர்க்காரர்களுக்கு இலவசமாக அறிக்கை அனுப்பும் லாப நோக்கமற்ற அமைப்பு. ஐபி முகவரிகள் (இணையத்தில் நம் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்கள்) நம்முடையவைதானா என்று சரிபார்த்த பிறகே அறிக்கை அனுப்புகிறார்கள். இணையத்தை அவர்களே வெளியிலிருந்து ஸ்கேன் செய்வதால் நம் பக்கம் எதையும் நிறுவ வேண்டாம்.

முதல் அறிக்கையிலேயே ஒரு பழைய சர்வர் மாட்டியது. தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட் (இணைப்பு வாசல்) உலகத்துக்கே திறந்து கிடந்தது, வெண்டர் எப்போதோ திறந்துவிட்டுப் போனதாம்! மூடிவிட்டு, இப்போது விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் அனுமதிக்கிறோம். அறிக்கையில் வந்த தீவிரம் குறைந்த பிரச்சினைகளை அவசரமில்லாமல் பார்த்துக்கொள்கிறோம்.

அப்புறம், செர்ட்-இன் (இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) விதி பற்றிக் கேட்டவருக்கு: 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் போன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் தர வேண்டும்.