சேப்பாக்கம் 1986: ஸ்கோர் சமம், ஒரு பந்து மிச்சம். இது ஏன் டிரா இல்லை?

திருவல்லிக்கேணி ரசிகன்:
1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டின் ஸ்கோர்கார்டை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியா 574/7 டிக்ளேர் (ஆல் அவுட் ஆகும் முன்பே இன்னிங்ஸை முடித்துக்கொண்டது), 170/5 டிக்ளேர். இந்தியா 397, அப்புறம் 347 ஆல் அவுட். மூன்று சந்தேகம்.

ஒன்று, ஐந்து நாள் ஆடி ஸ்கோர் சமமாக முடிந்தால் அதை டிரா என்றுதானே சொல்ல வேண்டும்? டை என்று தனியாக ஏன் பெயர்? இரண்டு, 331க்கு 6 விக்கெட் என்ற நிலையில் வெறும் 17 ரன் பாக்கி. அங்கிருந்து எப்படி நழுவியது? மூன்று, கடைசி ஓவரில் சாஸ்திரி சிங்கிள் எடுத்து கடைசி ஆட்டக்காரர் மணிந்தரை ஸ்ட்ரைக்குக்குக் கொண்டுவந்தது தப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கோரர் மேசை:
முதல் கேள்விக்கு மட்டும் நான். டெஸ்டில் டை ஆக இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்: மொத்த ரன் சமமாக இருக்க வேண்டும், கடைசியாக ஆடும் அணியின் இன்னிங்ஸும் முடிந்திருக்க வேண்டும். ரன் சமமாகி, விக்கெட் மிச்சம் இருக்கும்போது நேரமோ ஓவரோ தீர்ந்தால் அது டிராதான்.

இந்த மேட்சில் கூட்டிப் பாருங்கள். 574ம் 170ம் 744. 397ம் 347ம் அதே 744. கடைசி ஓவரின் 5-வது பந்தில் பத்தாவது விக்கெட் விழுந்ததால் டை. மணிந்தர் அந்தப் பந்தையும் அடுத்த பந்தையும் ரன் எடுக்காமல் தடுத்திருந்தால் இதே 744-744 டிரா என்று பதிவாகியிருக்கும். அந்த ஒரு விக்கெட்தான் வித்தியாசம்.

நேர் எதிர் உதாரணம் 2011 நவம்பர், மும்பை வான்கடே, வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. இலக்கு 243, கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும். அஷ்வின் ஒரு ரன் ஓடி முடித்து, இரண்டாவதுக்குத் திரும்பும்போது ரன் அவுட். ஓடி முடித்த முதல் ரன் கணக்கில் சேரும், அதனால் 242, ஸ்கோர் சமம். ஆனால் விழுந்தது ஒன்பதாவது விக்கெட். ஒரு விக்கெட் கையில் இருந்ததால் டிரா. அதே மேட்சில் சதமும் ஒன்பது விக்கெட்டும் எடுத்தவர் அவர். 1996 டிசம்பரில் புலவாயோவில் ஜிம்பாப்வேக்கு எதிராக இங்கிலாந்தும் இப்படித்தான், 205 இலக்குக்கு 204/6ல் நின்றது. அதுவும் டிரா.

ஒருநாள் மேட்ச் பழக்கத்தில்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அங்கே விக்கெட்டைப் பார்ப்பதில்லை, ரன் சமம் என்றால் டை.

ஆஃப் பிரேக்:
இரண்டாவது கேள்வி. முதலில் ஆஸ்திரேலிய கேப்டன் பார்டரின் கணக்கு. முந்தின நாள் எடுத்த 170/5ஓடு நிறுத்திக்கொண்டு, ஐந்தாம் நாள் காலையிலேயே இந்தியாவை ஆடச் சொன்னார். 87 ஓவரில் 348. வகுத்தால் ஓவருக்குச் சரியாக 4. அன்றைய டெஸ்ட் வேகத்துக்கு அது சுலபமில்லை. அதே சமயம் எட்டாத தூரமும் இல்லை, அதனால்தான் இந்தியா டிராவுக்கு ஒதுங்காமல் துரத்தியது. இப்படித் துணிந்து டிக்ளேர் செய்திராவிட்டால் நாம் இன்று பேச ஒரு மேட்சே இருந்திருக்காது. எனக்கு இந்த டெஸ்டில் மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

விக்கெட் விழுந்த வரிசையைப் பாருங்கள்: 55, 158, 204, 251, 253, 291, 331, 334, 344, 347. மூன்று இடத்தில் உடைகிறது. 204ல் கவாஸ்கர் 90க்கு அவுட், ஸ்பின்னர் பிரைட் பந்தில் ஜோன்ஸ் கேட்ச். 251ல் அசாருதீன் 42, இரண்டே ரன் கழித்து கபில் 1. கபில் போன இடத்தில்தான் துரத்தல் தள்ளாடியது. பண்டிட் 39 அடித்து நிமிர்த்தினார், சேத்தன் சர்மாவும் சாஸ்திரியும் அதை 331 வரை இழுத்து வந்தார்கள். அங்கே சேத்தன் தூக்கி அடித்து மெக்டெர்மட்டிடம் கேட்ச். மோரே வந்த வேகத்தில் எல்பிடபிள்யூ (ஸ்டம்ப்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்து அவுட்), 0. யாதவ் இன்னொரு ஸ்பின்னர் மேத்யூஸை ஒரு சிக்ஸர் அடித்து மூச்சுவிட வைத்தார், பிறகு பிரைட்டிடம் போல்டு. 331/6 இருந்த இடத்தில் 344/9. இந்த மூன்று விக்கெட்டும் பிரைட்டுக்கு. எல்லோரும் மேத்யூஸைப் பற்றியே பேசுவதால் இது மறந்துபோகிறது.

பவுலிங் கணக்கு: மேத்யூஸ் 39.5 ஓவர் 146க்கு 5, பிரைட் 25 ஓவர் 94க்கு 5. மொத்தம் 86.5 ஓவரில் 64.5 ஓவர் இந்த இரண்டு ஸ்பின்னர்களுடையது. மெக்டெர்மட் 5 ஓவரோடு சரி. ஐந்தாம் நாள் சேப்பாக்கத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஒருவர் வலக்கை ஆஃப் ஸ்பின், இன்னொருவர் இடக்கை ஸ்பின், ஆக ஒரு முனையில் பந்து உள்ளே வரும், மறுமுனையில் வெளியே போகும். புதிதாக இறங்கும் கடைசி ஆட்டக்காரர்கள் இரண்டையும் மாறி மாறிச் சமாளிக்க வேண்டும். பிட்ச்சுக்குப் பழகி நின்றவர் சாஸ்திரி ஒருவர்தான்.

கடைசி ஓவர், மேத்யூஸ். 4 ரன் வேண்டும், ஸ்ட்ரைக்கில் சாஸ்திரி.
முதல் பந்து: ரன் இல்லை.
இரண்டாவது: லெக் பக்கம் தள்ளினார், ஃபீல்டிங் தடுமாற்றத்தில் 2 ரன். 346.
மூன்றாவது: சிங்கிள். 347, ஸ்கோர் சமம்.
நான்காவது: மணிந்தர் தடுத்தார்.
ஐந்தாவது: பேடில் பட்டது, அப்பீல், நடுவர் விக்ரம்ராஜு கையைத் தூக்கினார்.

சாஸ்திரி 48 நாட் அவுட், எதிர்முனையில்.

மெட்ராஸ் வெயில்:
இந்த டெஸ்டைக் கடைசி ஓவரோடு நிறுத்தக்கூடாது. டீன் ஜோன்ஸின் 210ஐப் பேசாமல் இது முழுமையாகாது. 330 பந்து, 503 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கும் மேல். செப்டம்பரில் கடல் காற்று வரும் வரை சேப்பாக்கத்தில் வெயிலோடு புழுக்கமும் இருக்கும். புழுக்கத்தில் வியர்வை உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், உலராவிட்டால் உடம்பு மேலும் மேலும் வியர்த்துக்கொண்டே இருக்கும். தண்ணீரோடு உப்பும் போகும். முதலில் கால், தொடை தசைகள் இழுத்துக்கொள்ளும், பிறகு குமட்டல், வாந்தி, கடைசியில் நிற்கவே தெம்பு இருக்காது. ஜோன்ஸுக்கு இவ்வளவும் மைதானத்திலேயே நடந்தது. பிட்ச் ஓரம் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி ஸ்டான்ஸ் எடுத்து ஆடினார். ஓட முடியாத கட்டத்தில் பவுண்டரியாக அடித்தார். அவுட் ஆனதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்றினார்கள். இன்று ஒவ்வொரு டிரிங்ஸ் இடைவேளையிலும் உப்பு கலந்த பானம், ஐஸ் துண்டு, ஐஸ் வெஸ்ட் எல்லாம் தயாராக இருக்கிறது. அன்று அந்த ஏற்பாடு எதுவும் இந்த அளவுக்கு இல்லை.

மேத்யூஸ் அதே வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 39.5 ஓவர்!

இந்தியப் பக்கம் கபிலின் 119. அதிகம் பின்தங்கிய அணியை உடனே மறுபடி ஆட வைக்கும் ஃபாலோ ஆனைத் தவிர்க்க 375 வேண்டும், இந்தியா 397 எடுத்தது. அந்த 119 இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் துரத்தலுக்கு வாய்ப்பே வந்திருக்காது. ஆட்ட நாயகன் விருதை ஜோன்ஸுக்கும் கபிலுக்கும் பகிர்ந்து கொடுத்தது மிகச் சரி.

திருவல்லிக்கேணி ரசிகன்:
அருமை, நன்றி. டை, டிரா இப்போது தெளிவு. மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே? அந்த எல்பிடபிள்யூவில் பேட் பட்டதா என்பதும் இன்னும் பேச்சாக இருக்கிறது.

ஆஃப் பிரேக்:
சிங்கிள் சரி என்பதே என் கட்சி. மூன்றாவது பந்துக்கு முன் 346/9, ஒரு விக்கெட் விழுந்தால் ஒரு ரன்னில் தோல்வி. சிங்கிள் எடுத்த நொடியில் தோல்வி என்ற வழி அடைபட்டுவிட்டது. அதற்குமேல் வெற்றி, டை, டிரா மூன்றில் ஒன்றுதான் நடக்க முடியும். நாள் முழுக்க இந்தியா ஓடியது எதற்கோ, அதை ஒரே பந்தில் இழக்கும் நிலைமையை அவர் நீக்கினார்.

ஸ்கோரர் மேசை:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மணிந்தர் 35 டெஸ்ட் ஆடி மொத்தமே 99 ரன் எடுத்தவர். அவரிடம் மூன்று பந்தைக் கொடுத்து ஒரு ரன் கேட்பதைவிட, நன்றாக நிலைத்து ஆடிய சாஸ்திரி நான்கு பந்தில் 2 ரன் தேடுவதே வெற்றிக்கு அதிக வாய்ப்பு. மூன்றாவது பந்தில் சிங்கிளை மறுத்திருந்தாலும் அவருக்கு மூன்று பந்து மிச்சம் இருந்திருக்கும். தோற்காமல் இருப்பது முக்கியம் என்றால் நீங்கள் சொல்வது சரி, ஜெயிப்பது முக்கியம் என்றால் நான் சொல்வது.

எல்பிடபிள்யூ பற்றி: உள்விளிம்பில் பட்டது என்பது மணிந்தரின் வாதம், விக்ரம்ராஜு தன் தீர்ப்பில் உறுதியாக நின்றார். அந்தக் காலத்தில் அதை அளக்கக் கருவி இல்லை. நடுவர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் டிஆர்எஸ் முறை சோதனைக்கு வந்ததே 2008ல், இந்தியா-இலங்கை தொடரில். இப்போது இதே பந்து என்றால் மூன்றாவது நடுவர் முதலில் நோபாலா என்று பார்ப்பார், பிறகு பேடில் படும் முன் பேட்டில் பட்டதா என்று ஒலி அலையைப் பார்ப்பார், அதில் ஒரு முள் எழுந்தாலே கதை முடிந்தது, பந்தின் பாதைக்குப் போகவே வேண்டாம். இன்னொன்று, அன்று இரண்டு நடுவர்களும் இந்தியர்கள். சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு நடுவில், சொந்த அணிக்கு எதிராக, ஸ்கோர் சமமாக இருக்கும்போது கையைத் தூக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தீர்ப்பு சரியோ தவறோ, அவருக்கு அந்த மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

மெட்ராஸ் வெயில்:
ஒன்றை விட்டுவிட்டோம். இதற்கு முந்தின டை, டெஸ்டின் முதல் டை, 1960 டிசம்பர் பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா-வெஸ்ட் இண்டீஸ். இரு பக்கமும் 737. அங்கே அப்போது 8 பந்து ஓவர். வெஸ் ஹால் வீசிய கடைசி ஓவரின் 7-வது பந்தில் ஜோ சாலமன் நேராக ஸ்டம்ப்பில் எறிந்து மெக்கிஃபை ரன் அவுட் ஆக்கினார். அங்கேயும் ஒரு பந்து மிச்சம், இங்கேயும் ஒரு பந்து மிச்சம். பிரிஸ்பேனில் ஆஸ்திரேலிய அணியில் ஆடிய பாப் சிம்ப்சன், சேப்பாக்கத்தில் அதே அணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார்.