சின்ன கேபினட், சின்ன போர்டு: வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது மதர்போர்டு சின்னதானால் கேபினட்டும் சின்னதாகிவிடும் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். போர்டு அளவுகளில் மினி-ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ., மைக்ரோ-ஏடிஎக்ஸ் 244 × 244. வித்தியாசம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம்தான். இடத்தை அடைப்பது கிராபிக்ஸ் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்சாரம் தரும் பெட்டி). வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 அகலம், 86 உயரம், நீளம் பெரும்பாலும் 140 அல்லது அதற்கு மேல். அதன் சின்ன வகையான எஸ்எஃப்எக்ஸ் என்றால் 125 × 63.5 × 100தான். அதனால் முதலில் கார்டை முடிவு செய்யுங்கள், பிறகு கேபினட், எஸ்எம்பிஎஸ், கூலர் (பிராசசரைக் குளிர்விப்பது). போர்டு கடைசியில் வரட்டும்.

* * *

மேலே சொன்ன வரிசை சரி. ஆனால் கார்டின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், தடிமனும் முக்கியம். தடிமனை ஸ்லாட் கணக்கில்தான் சொல்வார்கள், ஒரு ஸ்லாட் 20.32 மி.மீ.; இரண்டு ஸ்லாட்டுக்கு இடம் விட்ட கேபினட்டில் இரண்டரை ஸ்லாட் கார்டு போகவே போகாது. கார்டுக்கு வரும் புதிய 16 பின் பவர் கேபிளை கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை நேராக விட்டுத்தான் வளைக்க வேண்டும். பக்கவாட்டு மூடி அதை அழுத்தினால் பின்கள் முழுதாக உட்காராமல் சூடேறி உருகும் ஆபத்து உண்டு.

கூலர் உயரம் 70 மி.மீ. வரை என்று போட்டிருந்தால் அப்படியே 70க்கு வாங்க வேண்டாம், மூடி ஓட்டையில்லாத கண்ணாடியாக இருந்தால் ஃபேனுக்குக் காற்றே கிடைக்காது. தட்டையான கூலர் ராம் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். விளக்கு வைத்த உயரமான ராம் அங்கே இடிக்கும்.

* * *

மினி-ஐடிஎக்ஸ் போர்டில் ராம் ஸ்லாட் இரண்டு, கார்டு ஸ்லாட் ஒன்று. இரண்டு 8 ஜிபி போட்டு நிரப்பிவிட்டால் பின்னால் கூட்டும்போது கழற்றித்தான் ஆக வேண்டும். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் அடிப்பக்கம் இருக்கும். அதில் எஸ்எஸ்டி போடுவதானால் கேபினட்டில் பொருத்தும் முன்பே போட்டுவிடுங்கள். கேபினட் முகப்பில் டைப்-சி இருந்தால் போர்டில் அதற்கான தனி ஹெட்டர் (கேபிள் செருகும் இடம்) உண்டா என்று பாருங்கள். பழைய 19 பின் யுஎஸ்பி ஹெட்டரில் அது நேரடியாகச் சேராது.

* * *

மேசையில் இடம் இருந்தால் மைக்ரோ-ஏடிஎக்ஸ்தான் புத்திசாலித்தனம், நாலு ராம் ஸ்லாட் உள்ள போர்டும் சுலபமாகக் கிடைக்கும். மலிவு போர்டுகளில் சில 244ஐ விட அகலம் குறைந்தவை. அவற்றின் வலது ஓரத்துக்கு ஸ்க்ரூவே வராது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கேபிளை அழுத்தும்போது போர்டு வளையும், அடியில் விரல் கொடுத்துப் பிடியுங்கள். போர்டின் துளைக்கு நேராக இல்லாத ஸ்டாண்டாஃபை (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) கழற்றாவிட்டால் ஷார்ட் ஆகலாம்.

* * *

ரைசர் கேபிள் (கார்டைப் போர்டோடு இணைக்கும் நீட்டிப்பு கேபிள்) உள்ள கேபினட்டுக்கு இன்னொன்று. ஜென் என்பது அந்த இணைப்பின் தலைமுறை. ரைசர் ஜென் 3, கார்டு ஜென் 4 என்றால் திரை கறுப்பாகவே நிற்கலாம், இல்லாவிட்டால் விளையாட்டு நடுவில் கார்டின் டிரைவர் மென்பொருள் செயலிழக்கும். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டை ஆட்டோவிலிருந்து ஜென் 3க்கு மாற்ற வேண்டும். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசசரானால் (இன்டெலில் எஃப் என்று முடிபவை) அந்த மாற்றத்தைச் செய்யவே திரை வராது. கார்டை வெளியே வைத்து நேரடியாகப் போர்டில் செருகி, அமைப்பை மாற்றிவிட்டு, அப்புறம் கேபினட்டுக்குள் ஏற்றுங்கள். சிமாஸ் (பயாஸ் அமைப்புகளின் சேமிப்பு) அழித்தால் மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும்.