றேஸ் கார் திரும்பக் கட்டின ஆக்கள், மனசில கிடக்கிற ஒண்டைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை லேசர்

2019க்குப் பிறகு தறப்பாளுக்குக் கீழ கிடந்த எங்கட ஃபோர்ட் லேசர் றேஸ் காரை இந்த சீசனுக்குத் திரும்ப இறக்குறம். பழைய டீமில ரெண்டு பேர் கட்டார், ஒராள் கனடா. மிச்சம் நானும் டிங்கர் பாஸும் (தகட்டு வேலை மேசன்). அதை விடுவம். நான் எழுத வந்தது கியர்பொக்ஸ் பற்றி.

பஞ்சிகாவத்தைப் பழைய கார்ச் சாமான் கடையளில நாலு நாள் அலைஞ்சன். லேசரும் மஸ்டா 323உம் ஒரே வயித்துப் பிள்ளையள், ஒண்டு இல்லாட்டி மற்றது கிடைக்கும் எண்டுதான் போனது. ரெண்டும் இல்லை. கேக்கிற கடையெல்லாம் "நிசான் மார்ச் பெட்டி இருக்கு, வேணுமா?" கடைசியா ஒரு சந்துக்குள்ள, மாடிப்படிக்குக் கீழ இருந்து ஒரு பொடியன் ஒண்டை உருட்டிக்கொண்டு வந்தான். கிரீஸை அவன் சீலையால துடைக்க, பெல் ஹவுசிங்கில (இன்ஜினோட பொருந்துற வாய்ப்பக்கம்) மஞ்சள் பெயின்ட் பொட்டு. பக்கத்தில உளியால கொத்தின மூண்டு கோடு. மூண்டாவது கோடு வளைஞ்சிருக்கும். கொத்தேக்க சுத்தியல் வழுக்கி என்ர பெருவிரல்ல விழுந்ததால வந்த வளைவு அது.

2022இல, டொலர் 200இல இருந்து 360க்குப் பாய்ஞ்ச நேரம், பெற்றோல் கியூவில படுத்தெழும்பின காலம், 22,000க்கு நான் வித்த பெட்டி. கடைக்காரர் 95,000 எண்டார். "ஜப்பான்ல இருந்து நேரா வந்தது தம்பி, இந்த மண்ணில ஓடவே இல்லை." நான் "ஓம் ஓம், நல்லாத்தான் கிடக்கு" எண்டு தலையாட்டிக்கொண்டு நிண்டன். ஏன் வாய் திறக்கேல்லை எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை. வித்தது நான்தான் எண்டு சொல்ல வெக்கமோ என்னவோ.

மருதானை நானா

95க்கு அந்தப் பெட்டியா மச்சான்? எனக்கிட்ட கேட்டிருந்தா பாதி விலைக்கு எடுத்துத் தந்திருப்பேன். அதோட அவர் பொய் சொன்னார்ன்டு நீங்க கோவிக்கிறதில நியாயமில்ல. நாலு கை மாறி வந்திருக்கும், அவருக்கே தெரியாம இருக்கும்.

என்ட கதை சின்னது. சாச்சாட மகன் ஒரு மார்ச் 1000 வாங்கினான், கலைஞ்சு போன டீம் ஒன்டுட்ட இருந்து. கேஜுக்கு (வண்டி கவிழ்ந்தா ஆளைக் காப்பாத்த உள்ளுக்குக் கட்டுற பைப் கூடு) வெள்ளைப் பெயின்ட், கண்ணாடி மாதிரி. எங்கட பாஸ் ஸ்க்ரூட்ரைவர் பிடியால அதைத் தட்டிக்கிட்டே சுத்தி வாறார். டிங். டிங். டிங். டிரைவர் பக்கம் முன்கால் அடியில வந்ததும் டொப். திரும்பத் தட்டினார், டொப். ஸ்க்ரூட்ரைவரைத் திருப்பிப் பிடிச்சு ஒரு சுரண்டு சுரண்டினார், பட்டி கட்டியாக் கழண்டு காலடியில விழுந்திச்சு. உள்ள வெல்டிங் வெடிச்சு, பைப் சும்மா தகட்டுக்கு மேல நின்டுக்கிட்டு இருக்கு.

அந்த வண்டிய ரெண்டு சீசன் ஓட்டின பையனும் அன்டைக்கு கராஜுக்கு வந்து, பிளேன்டீ குடிச்சிக்கிட்டு நின்டான். "யாருடா இதுக்கு மேல பெயின்ட் அடிச்சது?"ன்டு பாஸ் கத்தினார்.

"நான்தான்"ன்டான். பட்டி வெச்சது யாருன்டு அவனுக்குத் தெரியாது. பளபளன்டு இருக்கட்டும்ன்டு அடிச்சிருக்கான். அந்த முகம் எனக்கு மறக்குதில்ல.

கேஜ் வாத்தியார்

நானா, தட்டிப் பார்த்தால் பட்டி பிடிபடும், குழாயின்ர தடிப்பு பிடிபடாது. உங்கட பாஸ் கெட்டிக்காரர், ஆனா இதை வாசிச்சுப்போட்டு எல்லாரும் ஸ்க்ரூட்ரைவரோட வெளிக்கிடப் போறியள், அதுதான் எழுதுறன்.

எஃப்ஐஏ (உலக மோட்டார் ஓட்ட அமைப்பு) விதிப்படி கேஜின்ர பிரதான வளையம் 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிப்பு, இல்லாட்டி 50க்கு 2. மூட்டில்லாத குழாய். இங்க ஒவ்வொரு கிளாஸுக்கும் ஸ்க்ருட்டினியில, அதாவது ஓட்டத்துக்கு முந்தின வண்டிச் சோதனையில, என்ன கேப்பினம் எண்டது வேற கதை, ஆனா தண்ணிக் குழாயில கேஜ் கட்டினவனை நான் என்ர கண்ணால கண்டிருக்கிறன். முக்கியமானது கால். பைப்பை நேரா தரைத் தகட்டில ஒட்டினா, கவிழேக்க பிஸ்கட்டில விரல் குத்தின மாதிரி தகட்டைக் கிழிச்சுக்கொண்டு இறங்கும். கேஜ் உங்களைக் காப்பாத்தாது, கூரை தலையில இருக்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழ 3 மி.மீ. தடிப்பில, குறைஞ்சது 120 சதுர சென்ரிமீற்றர் தகடு வேணும். பாரம் பரவினாத்தான் தரை தாங்கும். சந்தேகமான இடத்தில பெயின்ட் முழுக்கச் சுரண்டுங்கோ. வடிவு பிறகு பாக்கலாம்.

பெல்ட்டையும் பாருங்கோ. லேபிள்ல வருசம் இருக்கும், அஞ்சு வருசத்தோட அதின்ர காலம் முடிஞ்சுது. 2019 வண்டியோட தறப்பாளுக்குக் கீழ கிடந்த பெல்ட் (வெள்ளவத்தை, உங்களைத்தான் சொல்லுறன்) குப்பைக்கு. எயார் ஃபில்டர் சும்மா கடதாசி எண்டால் கிறவல்ல ரெண்டு ஹீட்டில (ஓட்டச் சுற்றில) அடைக்கும். எண்ணெய் போட்ட ஃபோம் வாங்குங்கோ.

என்ர அனுபவம் கேட்டனீங்கள் என்ன. அநுராதபுரம் சாலியபுரவில ஒருக்கா கவிழ்ந்தன். தலைகீழாத் தொங்கிக்கொண்டு பெல்ட் பூட்டைத் தட்டினன், தலையால கூரையில விழுந்து கழுத்துச் சுளுக்கிப் போச்சு. முதல்ல ஒரு கையைக் கூரையில ஊண்டிப்போட்டுத்தான் தட்டோணும்.

பதுளைப் பையன்

வாத்தியாரண்ணே, எல்லாம் சரிதாங்க, ஆனா அளவு கேட்டு யாரும் எழுதலையே.

நமக்கு 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸ். நாங்க போகல, வண்டி ரெடியாகல. கிராண்ட்பாஸ் கராஜுல புது இன்ஜினை முதல் தடவையா ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விட்டிருந்தோம். போன்ல வீடியோ வந்துச்சு. கார் ஓடுபாதையை விட்டு சனத்துக்குள்ள பாஞ்சிருக்கு. 7 பேர் போயிட்டாங்க, அதுல 8 வயசுப் புள்ளையும் ஒண்ணு. என் தம்பி அங்கதான் பாக்கப் போயிருந்தான்.

அவன் நம்பருக்கு அடிக்கிறேன், அடிக்கிறேன், போகல. பத்து நிமிசமோ இருவது நிமிசமோ, அப்புறம் அவனே எடுத்தான். அவன் பேசுறது ஒண்ணும் எனக்குக் கேக்கல. "நிறுத்துங்கடா அதை"ன்னு கத்துனேன். அப்பத்தான் இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்குறதே எல்லாருக்கும் தெரிஞ்சுது. தம்பி மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னிருக்கான், ஒண்ணும் ஆகல.

அதே இன்ஜின்தான் இந்த வருசமும். ஐட்லிங்ல விட்டா என் கை தானா போனுக்குப் போகுது.

கணக்கெழுதுற அக்கா

இங்க எல்லாரும் ஸ்பானர் பிடிச்ச ஆக்கள் போல. நான் கொப்பியில கணக்கு எழுதுறவள். தம்பியும் அவன்ட சிநேகிதர்களும் கார் கட்டுவாங்க, காசுக்கு என்னைத்தான் அனுப்புவாங்க.

போன முறை புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில ஒரு துணிக்கடை முதலாளி 50,000 தந்தார். ஒரே ஒரு நிபந்தனை, கடைப் பேர் இடது கதவில பெருசா இருக்கணும், படம் பிடிச்சு வரணும். ஸ்டிக்கர் வெட்ட மட்டும் 6,500 போச்சு. முதல் ஹீட், முதல் வளைவு, பக்கத்து வண்டி உரசி இடது கதவு கொளுக்கியோட கழண்டு போச்சு. எனக்கிட்ட இருக்கிற ஒரே படத்தில கதவு வானத்தில நிக்குது, கடைப் பேர் தலைகீழ்.

அந்தப் படத்தைக் கொண்டு போய் அவர் மேசையில வெச்சேன். கை நடுங்கிச்சு. அவர் கண்ணாடியைப் போட்டு, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில இருந்த பொடியன்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு லாச்சியைத் திறந்து இந்த வருசக் காசை எண்ணித் தந்தார்.

"இந்த முறை கூரையில ஒட்டச் சொல்லுங்க தங்கச்சி. உங்கட ஆக்கள் ஓட்டுற ஓட்டுக்குக் கூரைதான் எல்லாருக்கும் தெரியும்."

அவர் பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாவே சொன்னாரா? ஸ்டிக்கர் இன்னும் வெட்டக் குடுக்கல.

வெள்ளவத்தை லேசர்

அக்கா, கூரையில ஒட்டுங்கோ.

வாத்தியார், பெல்ட் பாத்தன். லேபிள்ல 2014. கழட்டிப்போட்டன், நன்றி.

நானா, வாங்கினனோ எண்டு இன்பொக்ஸில கேட்டனீங்கள். 81,000க்கு வாங்கினன். முந்தநாள் ஏத்திப் பாத்தம். மூண்டாம் கியருக்குப் போட்டவுடன, நான் விக்கேக்க இருந்த அதே கத்தல். பாஸ் கேட்டிட்டு, "ஜப்பான்லயும் இப்படித்தான் கத்துமோ" எண்டார்.